முப்பது டாலர் செங்கல்

டி-ஷர்ட்டில் நெஞ்சுக்கு நேரே ஒரு பேர் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. துணி என்னவோ ஒன்றுதான். இரண்டும் திருப்பூரில் ஒரே மெஷினில் ஓடியதாகக்கூட இருக்கலாம். பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள், சிவப்புக் கட்டத்தில் வெள்ளை எழுத்தாக 'சுப்ரீம்' என்று போட்ட சட்டை பிளாட்பாரத்தில் கிடக்கும். அதை மாட்டிக்கொண்டு வீராம்பட்டினம் கடற்கரையில் பைக்கை நிறுத்துகிற தம்பியிடம் "யாருப்பா அந்த சுப்ரீம்?" என்று கேட்டுவிடாதீர்கள். பாவம், அவருக்கும் தெரியாது.

கதை ஒரு கடற்கரையில்தான் ஆரம்பிக்கிறது. கலிஃபோர்னியாவில் லகூனா பீச், 1980-களின் தொடக்கம். ஷான் ஸ்டூஸி என்ற இளைஞர் அலையில் சறுக்குகிற பலகைகளைச் செதுக்கி விற்றுக்கொண்டிருந்தார். நம்மூரில் ஃபைபர் படகில் சாமி பேரைப் பெரிசாக எழுதுகிற மாதிரி, அவர் ஒவ்வொரு பலகையிலும் தடி மார்க்கரால் தன் குடும்பப் பேரைக் கிறுக்கி வைப்பார். அதே கிறுக்கலை டி-ஷர்ட்டிலும் அச்சடித்து, காரில் போட்டுக்கொண்டுபோய் விற்றார். பலகை பார்க்க வந்தவர்கள், "அது கெடக்கட்டும், அந்தச் சட்டை இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

1984-ல் கணக்குவழக்குப் பார்க்க ஒரு நண்பர் பார்ட்னராக வந்தார். பேர் ஃப்ராங்க் சினாட்ரா. பாடகர் இல்லை, உறவும் இல்லை, பேர்தான் அப்படி! பெரிய விளம்பரமெல்லாம் கிடையாது. நியூயார்க், லண்டன், டோக்கியோவில் இசைத்தட்டு சுழற்றுகிறவர்கள், ஸ்கேட்போர்டு பசங்கள் என்று பார்த்துப் பிடித்து, பேர் போட்ட ஜாக்கெட் கொடுத்தார்கள். அவர்கள் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததே விளம்பரம்.

இவ்வளவும் ஆன பிறகு, 1996-ல் ஷான் கம்பெனியை விட்டு வெளியேறினார். பங்கு பார்ட்னர் குடும்பத்துக்குப் போனது. கூடவே பேரும் போய்விட்டது. பெத்த அப்பன் கொடுத்த பேர் சார்! அதன்பின் மனுஷர் துணி வியாபாரத்துக்குத் திரும்பியபோது வேறு பேர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நண்பர்களோடு சேர்ந்து சட்டை பிசினஸ் தொடங்க நினைக்கிறவர்கள் டிசைனுக்கு முன்னால், டிரேட் மார்க் யார் பேரில் பதிவாகிறது என்று பார்ப்பது உத்தமம்.

1991-ல் ஸ்டூஸியின் நியூயார்க் கடையை நடத்த வந்தவர் ஜேம்ஸ் ஜெபியா. 1994-ல் அதே ஊரில் அவர் தனியாகத் திறந்த கடைதான் சுப்ரீம். சரக்கை வேண்டுமென்றே கொஞ்சமாகப் போடுவது அவர் சூட்சுமம். கிடைக்காதென்று தெரிந்தால் ஜனங்கள் விடிய விடிய கியூவில் நிற்பார்கள் (ரேஷன் கடையில் நாம் பார்க்காததா?). 2020-ல் கம்பெனி 210 கோடி டாலருக்குக் கைமாறியது. 2024-ல் மூக்குக்கண்ணாடி கம்பெனி ஒன்று 150 கோடிக்கு வாங்கிக்கொண்டது.

நடுவில் 2016-ல் ஒரு கூத்து. சுப்ரீம் ஒரு செங்கல் விற்றது. நிஜச் செங்கல்தான், மேலே கம்பெனி பேர், விலை 30 டாலர். அதுவும் விற்றுத் தீர்ந்து, வாங்கியவர்கள் பல மடங்குக்கு மறுபடி விற்றார்கள்!

இதைக் கேட்டால் வீராம்பட்டினத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். பக்கத்து அரிக்கமேட்டில் ஊர்க்காரர்கள் பழைய செங்கல்லைப் பெயர்த்து எடுக்கிறார்கள் என்று 1734-லேயே பிரெஞ்சுக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பேரில்லாத செங்கல், விலை பூஜ்யம். 1945-ல் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர், செங்கல் தொட்டிகளைக் கண்டு, மஸ்லின் துணிக்குச் சாயம் போட்ட இடம் என்று கருதினார். ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த ஊர் அது. துணியெல்லாம் மக்கிவிட்டது. நெய்தது யார், முக்கியெடுத்தது யார், ஒன்றும் தெரியாது. பானை வைத்திருந்தவர்கள்தான் கெட்டிக்காரர்கள். தமிழ் பிராமியில் பேரைக் கீறி வைத்திருக்கிறார்கள், ஓடு ஓடாகக் கிடைத்தது.

செங்கல் வேண்டுமென்று இப்போது கிளம்பிவிடாதீர்கள். இடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒன்றைப் பெயர்த்தாலும் கேஸ்தான்.