கையில் இல்லாத சரக்குக்கு முன்பணம் வேண்டாம்



சரவணம்பட்டியில் மளிகைக்கடை வைத்திருப்பவனுக்கும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கார்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் கடைக்கு வருவோரில் பலர் இங்குள்ள ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். அந்தக் கார்டுக்காக அவர்கள் அலைந்த கதையில் நமக்கும் பாடம் இருக்கிறது.

2020 செப்டம்பர் 17-ல் என்விடியா கம்பெனியின் ஆர்.டி.எக்ஸ். 3080 கார்டு விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 699 டாலர், இந்தியாவில் 71,000 ரூபாய் முதல் என்று அறிவித்தார்கள். வந்த சரக்கு உடனே தீர்ந்தது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றானதால் தேவை பெருகியது. சில்லு உற்பத்தி ஈடுகொடுக்கவில்லை. எதீரியம் என்ற டிஜிட்டல் நாணயம் எடுப்பதற்காகச் சிலர் கார்டுகளை மொத்தமாக அள்ளினார்கள். அறிவித்த விலை காகிதத்தோடு நின்றது. "அடுத்த வாரம் லோடு வருகிறது", "இப்போது விட்டால் கிடைக்காது" என்ற வதந்திதான் தாராளமாகக் கிடைத்தது.

என் வாடிக்கையாளரான ஒரு தம்பி, ஒரு கடையில் 10,000 ரூபாய் முன்பணம் கட்டி ஐந்து மாதம் காத்திருந்தார். சரக்கு வரவில்லை. பணத்தைத் திரும்ப வாங்கவே நான்கு முறை நடந்தார். இன்று அவரும் போவதில்லை. நண்பர்களையும் அந்தக் கடைக்குப் போக விடுவதில்லை.

2022 செப்டம்பர் 15-ல் எதீரியம் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியது. பழைய கார்டுகள் சந்தையில் குவிந்தன. கூடுதல் விலைக்கு வாங்கி அடுக்கியவர்கள் கையைச் சுட்டுக்கொண்டார்கள்.

நானும் சுட்டுக்கொண்டவன்தான். 2019 டிசம்பரில் பெரிய வெங்காயம் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, 200 ஆகும் என்ற பேச்சை நம்பிப் பத்து மூட்டை இறக்கினேன். எகிப்து, துருக்கி வெங்காயம் வந்தது. புது வெங்காயமும் வந்தது. என் மூட்டைகளில் பாதி அழுகிக் குப்பைக்குப் போனது.

கொள்முதல் விலை ஏறினால் விற்பனை விலையை ஏற்றித்தான் ஆக வேண்டும். அதில் குற்றமில்லை. வராத சரக்கை வருகிறது என்று சொல்லிப் பணம் வாங்குவதுதான் குற்றம். ஏ.ஐ. கணினி மையங்களின் தேவையால் 2025 கடைசியில் மெமரி சில்லு விலை ஏறியபோதும் அதே வதந்திகள் கிளம்பின. நாளை பருப்பிலும் எண்ணெயிலும் இது நடக்கலாம்.

ஆகவே என் யோசனை இதுதான். மொத்த வியாபாரி சரக்கை உறுதி செய்யாமல் முன்பணம் வாங்க வேண்டாம். வாங்கினால் தேதி, தொகை, விலை, கெடு நான்கையும் ரசீதில் எழுதுங்கள். கெடு தாண்டினால், கேட்பதற்கு முன்பே கூப்பிட்டுப் பணத்தைக் கொடுங்கள். சரக்கு இல்லையென்றால் "இல்லைங்க" என்று சொல்லுங்கள். அன்றைக்கு ஒரு விற்பனை போகும். ஆள் திரும்பி வருவார்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எல்லோரும் விவாதிக்க வேண்டும் என்பது என் தாழ்மையான வேண்டுகோள்.