அம்பில் பேர் எழுதின வில்லாளி

ஸ்கைரிம் விளையாடுற யாரையும் பிடிச்சு, "உன்ர கரக்டர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கோ. தொடங்கேக்க ஒருத்தன் இரண்டு கையாலும் கோடாரி தூக்குற நோர்ட். ஒருத்தி நெருப்பு வீசுற மந்திரக்காரி. இன்னொருத்தன் தலையிலிருந்து கால்வரை இரும்புக் கவசம் போட்ட ஓர்க். கொஞ்ச நாள் கழிச்சு அதே ஆட்களிட்டத் திரும்பக் கேளுங்கோ. எல்லாரும் இருட்டுக்குள்ள குந்திக்கொண்டு கையில வில்லோட இருப்பினம். இந்த கேம் விளையாடுறவர்களுக்குள்ள இது உலகப் பகிடி: நீ எந்தப் பாதையால போனாலும் ஸ்கைரிமில் கடைசியாக வந்து நிற்கிற இடம் 'ஸ்டெல்த் ஆர்ச்சர்' தான். மறைஞ்சு நிண்டு அம்பு விடுற ஆள்.

பகிடி நல்லாத்தான் இருக்கு. ஆனால் "என்ன வேணுமெண்டாலும் ஆகலாம்" என்று சொல்லித் தந்த ஒரு உலகத்தில் ஏன் எல்லாரும் ஒரே ஆளாக மாறுறம் என்கிற கேள்வியை அந்தப் பகிடி மூடி வைக்குது. வில்லாளி கரக்டர் கட்டுறது பிழை என்று நான் சொல்லவரவில்லை. ஸ்கைரிமில் மிக அழகான ஆயுதம் வில்தான். அதை ஒளிஞ்சிருக்கிறதுக்கு மட்டும் பாவிக்கிறதுதான் எனக்குப் பிரச்சினை.

முதலில் இது எப்படி நடக்குது என்று பார்ப்பம். ஸ்கைரிம் வந்தது 2011 நவம்பர் 11. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் விளையாடப்படுறதுக்கு ஒரு காரணம், எங்களைப் போல பழைய லப்டொப் வச்சிருக்கிறவர்களிட்டயும் ஓடுறது. இன்னொரு காரணம் அதன் திறன் முறை. தொடக்கத்தில் 'நான் போர்வீரன்', 'நான் திருடன்' என்று எதையும் பூட்டி வைக்கத் தேவையில்லை. மொத்தம் 18 திறன்கள். எதைச் செய்யிறியோ அது வளரும். வாள் வீசினால் வாள் திறன் ஏறும், அம்பு விட்டால் ஆர்ச்சரி ஏறும். திறன்கள் ஏற ஏற லெவல் ஏறும். ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பேர்க் புள்ளி கிடைக்கும்.

இப்ப ஒரு குகைக்குள்ள போறீங்கள். நாலு கொள்ளைக்காரர் நெருப்புக்குப் பக்கத்தில இருக்கினம். குந்துறீங்கள், ஸ்னீக் திறன் ஏறுது. தூரத்தில நிண்டு ஒரு அம்பு, ஆர்ச்சரியும் ஏறுது. எதிரிக்குத் தெரியாமல் விட்ட அம்பு சும்மாவே இரண்டு மடங்கு தாக்கும். ஸ்னீக் 40 ஆனதும் 'டெட்லி எய்ம்' எடுத்தால் மூன்று மடங்கு. ஆர்ச்சரியில் 'ஓவர்ட்ரோ' ஐந்து படியும் எடுத்தால் வில்லின் தாக்கம் அதுக்கு மேல இன்னும் இரட்டிப்பாகும். ஒருத்தன் விழுந்தால் மற்ற மூன்று பேரும் கொஞ்ச நேரம் தேடுவினம். பிறகு "காத்தாத்தான் இருக்கும்" என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டு திரும்பிப் போய் நிற்பினம். சிலவேளை தலையில அம்பு குத்தினபடியே. நீங்கள் அடுத்த அம்பை எடுப்பீங்கள்.

மறைஞ்சு அடிக்கிறதில் அதிகம் தாக்கம் தாறது வில் இல்லை என்பதையும் கவனிக்க வேணும். 'அசாசின்ஸ் பிளேட்' பேர்க் எடுத்தால் பின்னால போய்ச் செருகுற குத்துவாள் 15 மடங்கு தாக்கும். வில்லுக்கோ மூன்றே மடங்கு. பலத்துக்காகத்தான் இந்தப் பாதையை எடுக்கிறம் என்றால் எல்லாரும் குத்துவாள்தானே தூக்கியிருக்க வேணும்? ஆனால் குத்துவாளுக்குக் கிட்டப் போகவேணும். கால் சத்தம் கேட்கலாம், அவன் திரும்பலாம், பிடிபடலாம். வில்லில் அந்தப் பயம் இல்லை. ஆக, எல்லாரையும் இழுக்கிறது பலம் இல்லை, ஆபத்து இல்லாமை. எங்களுக்கு ஒண்டும் நடக்காது என்கிற உத்தரவாதம்.

வில்லாளி மறைஞ்சு நிற்கலாமா என்கிற கேள்வி எங்களுக்குப் புதுசு இல்லை. வாலி வதத்தை வச்சு எத்தனை பட்டிமன்றம் கேட்டிருப்பம். மறைஞ்சு நிண்டு அம்பு விட்டது சரியா பிழையா என்று இரண்டு அணி பிரிஞ்சு மணிக்கணக்கில் மோதும். கம்பராமாயணத்தில் எனக்கு மறக்க முடியாத இடம், வாலி தன் மார்பில் தைத்த அம்பை இழுத்துப் பிடிச்சு அதில் இருக்கிற பேரை வாசிக்கிறது. எய்தவன் யார் என்று அம்பே சொல்லிவிடுது. அதுக்குப் பிறகுதான் வாலி கேள்வி கேட்கிறான், இராமன் முன்னால வந்து பதில் சொல்ல வேண்டியிருக்கு. பதில் திருப்தியா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை பிடிக்கிறம். ஆனால் எய்தவன் கேள்விக்கு முன்னால நிண்டான் என்பதை இரண்டு அணியும் மறுக்காது.

ஸ்கைரிம் கொள்ளைக்காரனுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அவனைக் கொன்ற அம்பில் பேர் இல்லை. அவன் எதையும் கேட்கிறதில்லை, நாங்கள் எதையும் சொல்லத் தேவையில்லை. கேம் தானே, அவன் வெறும் கோட் தானே என்பீங்கள். உண்மை. அவனுக்காக நான் கண்ணீர் விடச் சொல்லவில்லை. ஆனால் 'ரோல் பிளேயிங்' என்றால் ஒரு வேடம் ஏற்கிறது. அந்த வேடத்துக்கு யாரும் முகம் பார்க்கவே இல்லை என்றால், நான் ஏற்ற வேடம் என்ன? நோர்ட்டா இருந்தால் என்ன, ஓர்க்கா இருந்தால் என்ன, திரையில் தெரியிறது ஒரு வில்லும் இருட்டும்தான்.

இன்னொரு விஷயம். ஃபான்டஸி கேம்களில் வில்லாளி என்றாலே மெலிஞ்ச, இலேசான, ஓடித் திரியிற எல்ஃப். டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் வில்லுக்கான இலக்கும் தாக்கமும் 'டெக்ஸ்டெரிட்டி'யில் தங்கியிருக்கு, உடல் பலத்தில் இல்லை. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 இலும் பெரும்பாலும் அதே கதைதான். நிஜத்தில் போர் வில் இழுக்கிறது பயங்கர உடல் வேலை. 1545இல் மூழ்கின மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துக் கப்பலை 1982இல் தூக்கி எடுத்தார்கள். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவில்கள் கிடைத்தன. அவற்றை இழுக்க 100 இறாத்தலுக்கு மேல் பலம் வேணும் என்று கணித்திருக்கிறார்கள். அங்கே கிடைத்த எலும்புக்கூடுகள் சிலவற்றின் தோள் எலும்பில் தெரியிற மாற்றம் சின்ன வயதிலிருந்தே வில் இழுத்ததால் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வில் என்பது பழக்கம், உடம்பில் எழுதப்படுகிற பழக்கம். ஏகலைவனிடம் கட்டை விரலைக் கேட்டதன் கொடுமை அதுதான். கேட்டது ஒரு விரலை, எடுத்தது அவன் தனிய நிண்டு பழகின அத்தனை காலத்தையும்.

இந்த இடத்தில் ஸ்கைரிமைப் பாராட்ட வேணும். அதில் டெக்ஸ்டெரிட்டி என்று ஒரு எண் கிடையாது. விட்டு விட்டுப் பழகினால்தான் ஆர்ச்சரி ஏறும். ஆனால் அதிலயும் நாங்கள் குறுக்கு வழி கண்டுபிடிச்சிட்டம். ரிவர்வூட் ஊரில் ஃபேண்டால் என்று ஒரு எல்ஃப் இருக்கிறான், காசுக்கு ஆர்ச்சரி பழக்குவான். அவனோட நட்பாகி, கூட்டாளியாகச் சேர்த்து, பாடத்துக்குக் கொடுத்த காசை அவனுடைய பையிலிருந்தே திரும்ப எடுக்கலாம். யூரியூபில் 'பெஸ்ட் ஆர்ச்சர் பில்ட்' என்று தேடினால் இது எப்படியும் வந்து நிற்கும். இரண்டு வீடியோ பார்த்துவிட்டு ஆள் தொடங்கும்போதே கதை முடிஞ்சு போகும். வாய்ப்புக் கொடுத்தால் விளையாடுறவர்களே விளையாட்டின் சுவையை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள் என்ற கருத்தை சிவிலைசேஷன் 4 ஐ வடிவமைச்ச சொரன் ஜோன்சன் சொல்லியிருக்கிறார். ஃபேண்டாலின் பைதான் அதுக்கு நல்ல உதாரணம்.

சரி, குறை சொல்லிக்கொண்டே இருக்காமல் மாற்று ஒன்று சொல்றன். நான் இப்ப விளையாடுறது ஒரு வெளிச்ச வில்லாளி. ஒரே ஒரு சட்டம்: எதிரி என்னைக் கண்ட பிறகுதான் முதல் அம்பு. குந்துறது இல்லை, ஸ்னீக் பேர்க் ஒன்றும் இல்லை.

வில்லாளி என்றவுடனே எல்லாரும் எடுக்கிறது வுட் எல்ஃப். ஆர்ச்சரி தொடக்கத்திலேயே கூட. நான் எடுத்தது ரெட்கார்ட். குறி பார்த்து சூம் பண்ண ஸ்டமினா செலவாகும். ரெட்கார்ட்டின் தனிச் சக்தி ஒரு நிமிடத்துக்கு ஸ்டமினாவைப் பத்து மடங்கு வேகத்தில் நிரப்பும். எதிரி ஓடி வரேக்க அந்த ஒரு நிமிடம்தான் உயிர். லெவல் ஏறேக்க இரண்டு தரம் ஹெல்த்துக்குப் போட்டால் ஒரு தரம் ஸ்டமினாவுக்கு.

பேர்க் மரமே வேற மாதிரித் தெரியத் தொடங்கும். மறைஞ்சு நிற்கிறவன் திரும்பியும் பார்க்காத பேர்க்குகள் இப்ப முக்கியம். 'ஸ்டெடி ஹாண்ட்' குறி பார்க்கேக்க நேரத்தை மெதுவாக்கும், இரண்டாம் படியில் பாதியாக. ஆர்ச்சரி 50இல் 'பவர் ஷொட்', பாதிக்குப் பாதி எதிரியைத் தடுமாற வைக்கும். 60இல் 'ரேஞ்சர்', நாணை இழுத்தபடியே வேகமாக நகரலாம். 70இல் 'குயிக் ஷொட்', 30 சதவீதம் வேகமாக இழுக்கலாம். இவை எல்லாம் கண்ணுக்கு முன்னால வாற ஆளோட சண்டை பிடிக்கத்தான் செய்யப்பட்டவை. குந்தியிருந்தால் இவற்றின் அருமை விளங்காது.

வில்லும் மாறும். டேட்ரிக் வில்லின் அடிப்படைத் தாக்கம் 19, சாதாரண லோங் போவுக்கு 6 தான். ஆனால் டேட்ரிக் வில்லை இழுக்க லோங் போவைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். ஒளிஞ்சிருக்கிறவனுக்கு நேரம் ஒரு பொருட்டில்லை. கோடாரியோட ஒருத்தன் ஓடி வரேக்க அது பெரிய வித்தியாசம். அதனால் கனம் குறைஞ்ச, வேகமான வில்லுக்கு முதல் தரமாக மரியாதை வரும். கேனிஸ் ரூட் வேரையும் இம்ப் ஸ்டூல் காளானையும் சேர்த்தால் எதிரியை உறைய வைக்கிற நஞ்சு கிடைக்கும். அதை ஒரு அம்பில் பூசிக் கடைசி ஆளுக்கு வச்சிருக்கலாம். கிட்ட வந்தால் ஷவுட் பண்ணித் தள்ளிவிடலாம். முன்னுக்கு நிற்க லிடியா இருக்கிறாள். முன்பு அவள் என்ர பொதியைச் சுமக்கிற ஆள். இப்ப அவளுக்கு அடி விழாமல் நான் பார்க்க வேண்டியிருக்கு, எனக்கு அடி விழாமல் அவள் பார்க்கிறாள். நானூறு வருசம் பழகின சிநேகிதம் மாதிரி.

அடிக்கடி செத்துப் போவீங்கள். அதை மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு குகையும் ஞாபகத்தில் நிற்கும். எந்தத் தூணைச் சுற்றி ஓடினன், எந்தப் படியில் லிடியா விழுந்தாள், மிச்சமிருந்த கடைசி அம்பு எங்கே பாய்ஞ்சது என்று சொல்ல ஒரு கதை இருக்கும். ஒளிஞ்சிருந்து துடைச்ச ஐம்பது குகையில் ஒன்றையாவது உங்களால் வேறு பிரிச்சுச் சொல்ல முடியுமா? இந்த கேமின் உண்மையான எதிரி டிராகன் என்பதையும் மறக்கக்கூடாது. அது வானத்திலிருந்து எல்லாருக்கும் தெரிய வரும். அதுக்கு முன்னால வெளியில் நிண்டு நாண் இழுக்கிற ஆள்தான் அந்தக் கதை கேட்கிற வில்லாளி.

"நாள் முழுக்க லெக்சர், அசைன்மென்ட். இரவு ஒரு மணித்தியாலம் நிம்மதியா நாலு பேரைச் சுடுவம் எண்டால் அதுக்கும் நீ பாடம் எடுக்கிறியா?" என்று என்ர கூட்டாளி ஒருத்தன் கேட்டான். நியாயமான கேள்வி. களைச்சுப் போய் வாறவனுக்கு நிம்மதி வேணும். மறைஞ்சு நிற்கிறதிலயும் ஒரு பொறுமை, ஒரு தாளம் இருக்கு, அதை நான் மறுக்கவில்லை. திருடன் வேடம் ஏற்க விரும்பி ஒருத்தன் அதைத் தெரிஞ்செடுத்தால் அவனோட எனக்குச் சண்டையே இல்லை. என்ர சண்டை தெரிஞ்செடுக்காமலே அங்க போய் விழுறதோட.

ஏனென்றால் அந்த விழுறது எங்களுக்கு நல்லாப் பழக்கமான ஒன்று. ஏ.எல். பாடம் எடுக்கேக்க "பயோ, இல்லாட்டி மற்ஸ்" என்றது ஒரு பில்ட் கைட் தானே? "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்று கேட்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆபத்துக் குறைஞ்ச பாதையைக் காட்டுறார்கள். கூட்டத்தில் கை தூக்காதே, பேர் போட்டு எழுதாதே, தலையை வெளியில் நீட்டாதே என்றும் அதே அன்போடதான் சொல்கிறார்கள். இந்த நாட்டில் அந்த எச்சரிக்கைக்கு என்ன காரணம் என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பகிடி பண்ண எனக்கு உரிமை இல்லை. அப்படிப்பட்ட வாழ்க்கையில், தோத்தாலும் ஒன்றும் நட்டமில்லாத ஒரே இடம் விளையாட்டு. செத்தால் சேவ் ஃபைலைத் திரும்பத் திறக்கலாம். அங்கேயும் நாங்கள் ஒளிஞ்சே இருந்தால், வெளியில் நிண்டு பழக வேற இடம் எங்க இருக்கு?

அதனால அடுத்த தரம் புதுசா ஒரு கரக்டர் தொடங்கேக்க யூரியூபைக் கொஞ்சம் மூடி வையுங்கோ. வில்லையே எடுங்கோ, அதில் பிழை இல்லை. ஆனால் குந்துற பட்டனில் கை போகேக்க ஒருக்கா யோசியுங்கோ: இது நான் எடுத்த முடிவா, இல்லாட்டி கேம் எனக்காக எடுத்த முடிவா? நிமிர்ந்து நிண்டு ஒரு அம்பு விட்டுப் பாருங்கோ. அவன் உங்களைக் காணட்டும். அந்த அம்பில் உங்கட பேர் இருக்கட்டும்.