வண்டி ஓட்டினால் கை வலிக்கிறதா? வயதைத் திட்டாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வண்டி ஓட்டும்போது கை வலிக்கிறவர்களும், வீட்டில் அப்படி யாராவது இருப்பவர்களும் பொறுமையாகப் படியுங்கள். மற்றவர்கள் கடந்து போனால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன ஐப்பசியில் நடந்தது. செங்கத்தில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தேன். எங்கள் வீடு அவலூர்பேட்டை ரோடு பக்கம். ஊருக்குள் நெரிசலாக இருக்குமே என்று கிரிவலப் பாதையில் திரும்பிவிட்டேன். பௌர்ணமி இல்லை, அதனால் கூட்டமும் இல்லை. குபேர லிங்கத்தைத் தாண்டியதும் ஒரு சின்னப் பெண் பந்தைத் துரத்திக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்துவிட்டாள்.

கை பிரேக்கைப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் நினைத்தேன். விரல்கள் லிவரின் மேல் இருக்கின்றன. ஆனால் அழுத்துகின்றனவா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. வலது கை முழுக்க மரத்துப் போயிருந்தது. கால் பிரேக்கை ஏறி மிதித்தேன். வண்டி இழுத்துக்கொண்டு போய் அந்தக் குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. அவள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். நான்தான் கால் நடுங்க, பக்கத்துத் திண்ணையில் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கைவலி எனக்கு ஒரு நாளில் வந்ததில்லை. இரண்டு வருஷமாக இருந்தது. அரை மணி நேரம் ஓட்டினால் உள்ளங்கையில் குத்தல், பிறகு விரல்களில் ஊசி குத்துவது போல் ஒரு விறுவிறுப்பு, பிறகு மரப்பு. வீட்டில் தைலம் தேய்த்துவிட்டார்கள். "சார், அறுபத்தாறு ஆச்சு, இன்னும் வாலிபம்னு நெனப்பா?" என்று வாக்கிங் நண்பர் சிரித்தார். நானும் வயசுதான் என்று நம்பிவிட்டேன்.

முப்பத்து மூன்று வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். "வழிமுறை எழுதாமல் விடை எழுதினால் மார்க் கிடையாது" என்று பிள்ளைகளை மிரட்டியவன். என் கைவலிக்கு மட்டும் வழிமுறையே இல்லாமல் 'வயது' என்று விடை எழுதிக்கொண்டேன். கொஞ்சம் யோசித்திருந்தாலே தெரிந்திருக்கும். வண்டி எடுக்காத நாளில் வலி இல்லை. குடம் தூக்கினால் இல்லை. தோட்டத்தில் களை கொத்தினாலும் இல்லை. வயது என்றால் எல்லா நாளும் அல்லவா வலிக்க வேண்டும்?

மறுநாள் காலை வண்டியைத் தள்ளிக்கொண்டு என் பழைய மாணவன் ஒருவனின் பட்டறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவன் வண்டியைத் தொடவில்லை. "ஏறி உக்காருங்க சார். கண்ண மூடுங்க. ரோட்ல போற மாதிரியே புடிங்க" என்றான். பிடித்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்:

"சார், நீங்க ஹேண்டிலப் புடிக்கல. அது கழுத்த நெரிக்கிறீங்க."

கண் திறந்து பார்த்தேன். விரல் முட்டியெல்லாம் வெளுத்திருந்தது. அவனே தொடர்ந்தான்: "ஆறாவதுல நான் பேனாவ அழுத்திப் புடிச்சி எழுதிட்டுக் கைய உதறுவேன். 'பேனா ஓடிப் போவாதுடா, மெல்லப் புடி'ன்னு நீங்கதான் சொன்னீங்க." எனக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த அரை மணி நேரத்தில் அவன் செய்ததைச் சொல்கிறேன். பெரும்பாலும் ஸ்பேனர் வேலைதான், காசு வேலை இல்லை.

முதலில் லிவர். என் வண்டியில் கிளட்ச் லிவரும் பிரேக் லிவரும் மேலே தூக்கி நின்றன. அதைப் பிடிக்க மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டியிருந்தது. போல்ட்டைத் தளர்த்தி லிவரைக் கொஞ்சம் கீழே இறக்கினான். சீட்டில் இயல்பாக உட்கார்ந்து விரலை நீட்டினால் முழங்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். இந்த ஒன்றுதான் எனக்குப் பாதி வலியைக் குறைத்தது.

அடுத்து ஒயர். கிளட்ச் ஒயர் காய்ந்து கிடந்தது. எண்ணெய் விட்டதும் இரண்டு விரலால் இழுக்க முடிந்தது. ஆக்சிலேட்டர் ஒயரும் அப்படியே. அது இறுகிவிட்டால் வலது கை வழியெல்லாம் ஒரு ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். கல்லாகிப் போன கைப்பிடி ரப்பரை மாற்றினான். என்ஜினைப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது, முறுக்கினான். டயரில் காற்று தேவைக்கு மேல் இருந்தது. கம்பெனி சொன்ன அளவுக்கு இறக்கினான்.

கடைசியாக எனக்குப் பாடம். "உடம்பு வெயிட்ட கை மேல போடாதீங்க சார். முட்டியால டேங்கக் கவ்வுங்க. முழங்கைய லேசா மடக்குங்க. குருவியப் புடிக்கிற மாதிரி புடிங்க. பறந்தும் போவக்கூடாது, செத்தும் போவக்கூடாது." இதைவிட நன்றாக நான் எந்த வகுப்பிலும் பாடம் நடத்தியதில்லை.

வீட்டுக்கு வந்து என் தொழில் புத்தியில் ஒரு கணக்குப் போட்டேன். நம் வண்டிகள் பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர். பிஸ்டன் மேலும் கீழும் போகும் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி ஒரு முறை உதறும். நிமிஷத்துக்கு 5,000 சுற்று என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் 1,50,000 உதறல். தளர்வான கையில் அதில் ஒரு பகுதிதான் ஏறும். இறுக்கிப் பிடித்தால் ஹேண்டிலும் எலும்பும் ஒரே கம்பியாகிவிடும். அத்தனையும் கைக்குள் போகும். தடிமனான கையுறை போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ரொம்பத் தடியாக இருந்தால் பிடிப்பதற்கே இன்னும் அழுத்த வேண்டியிருக்கும், பலன் தலைகீழாகிவிடும்.

டாக்டரையும் பார்த்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த விரல் மரக்குது?" மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை இருக்கிறதாம். அதன் வழியாக ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. அந்த நரம்பு நசுங்கினால் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரலில் பாதி மரக்கும். சுண்டு விரலும் மோதிர விரலின் மறுபாதியும் மரத்தால் அது வேறு நரம்பு. இரவு தூக்கத்தில் மரப்பு எழுப்பிவிட்டாலோ, டம்ளர் கையிலிருந்து நழுவினாலோ, கட்டை விரலின் அடிச்சதை வற்றினாலோ பட்டறை போதாது. தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரையும் தைராய்டு குறைவும் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். இன்னொன்று: கைவலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது வண்டி வலி இல்லை. ஒரு நிமிஷம் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எனக்கு வலி இப்போது பத்தில் இரண்டு பங்குதான் மிச்சம். அரை மணிக்கு ஒரு முறை நிறுத்தி, கையை உதறி, ஒரு டீ குடித்துவிட்டுப் போகிறேன். பென்ஷன்காரனுக்கு அவசரம் என்ன?

ஆனால் நிறுத்த முடியாதவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன்.

விடியற்காலையில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க கிராமத்திலிருந்து வருகிறவர். பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு மாடவீதியில் சாப்பாடு கொண்டுபோகும் பையன். கூரியர்காரர், தவணை வசூல் செய்கிறவர். நாள் முழுக்க ஹேண்டில்தான் அவர்கள் வேலை. அந்தப் பையனிடம் "கை வலிக்குதாப்பா?" என்று கேட்டேன். "வலிக்கும் சார், அதப் பாத்தா ஆவுமா" என்று சிரித்தான். இருபத்து மூன்று வயது. அவனிடமும் வயசாச்சு என்று சொல்வோமா?

அதிரும் கருவியைப் பிடித்து வேலை செய்தால் கை கெடும் என்பது புதிய சேதி இல்லை. 1918-ல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் கல் குவாரித் தொழிலாளர்களின் விரல்கள் வெளுத்து மரத்துப் போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் போய்ப் பார்த்து எழுதினார். காற்றழுத்தத்தில் இயங்கும் உளிச் சுத்தியல்தான் காரணம் என்றார். ஐரோப்பாவில் ஒரு தொழிலாளியின் கைக்கு ஒரு நாளில் எவ்வளவு அதிர்வு போகலாம் என்று 2002-லேயே வரம்பு வைத்துவிட்டார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-ல் திருத்திய தொழில்நோய்ப் பட்டியலில் அதிர்வால் வரும் நோய்களும் உண்டு, மேலே சொன்ன மணிக்கட்டு நரம்பு நோயும் உண்டு. உலகம் அதைத் தொழில்நோய் என்று எழுதி வைத்திருக்கிறது. நாம் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

நம் மாநிலத்தில் ஆன்லைன் நிறுவனங்களுக்கு டெலிவரி செய்கிறவர்களுக்காக 2023-ல் ஒரு நலவாரியம் அறிவித்தார்கள். 2025-26 பட்ஜெட்டில் அவர்களில் 2,000 பேர் மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் என்றார்கள். வரவேற்கிறேன். மின்சார வண்டியில் கிளட்ச் இல்லை, பிஸ்டன் உதறலும் இல்லை. அந்த அளவுக்குக் கைக்கு நல்லது. அதோடு அந்த வாரியம் வருஷத்துக்கு ஒரு முறை கை, கழுத்து, முதுகுப் பரிசோதனையும் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. விபத்தில் அடிபட்டால்தான் காயம் என்பதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சேருவதும் காயம்தான்.

அடுத்தது வேகத்தடை. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் கொடுத்த அளவு இருக்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், மேடு வளைவாக இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் ஏறி இறங்கினால் உடம்பு குலுங்கக் கூடாது என்பதற்கான அளவு அது. நாம் கிராமத்துச் சாலைகளில் பார்ப்பது என்ன? ஒரு முழ அகலத்தில் கரடு மாதிரி ஒரு மேடு. பெயின்ட் கிடையாது, பலகை கிடையாது. விபத்து நடந்த ஆத்திரத்தில் ஊர்க்காரர்கள் போட்டது என்று சொல்வார்கள். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது. குறுக்கே ஓடி வந்த குழந்தையை நானும் பார்த்தவன்தானே. வேகத்தடை வேண்டாம் என்று சொல்லவில்லை, அளவோடு போடுங்கள் என்கிறேன். குலுங்கிக் குலுங்கி மரத்துப்போன கையால் அடுத்த குழந்தைக்கு பிரேக் பிடிக்க முடியாது.

கடைசியாக, லைசென்ஸ் எடுக்க வருகிறவனுக்கு எட்டுப் போடக் கற்றுக்கொடுக்கிறோம். ஹேண்டிலை எப்படிப் பிடிப்பது, லிவர் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று யாராவது ஐந்து நிமிஷம் சொல்லிக் கொடுக்கிறார்களா? எனக்கு யாரும் சொல்லவில்லை. நாற்பது வருஷம் தப்பாகவே பிடித்திருக்கிறேன்.

வலியைப் பொறுத்துக்கொள்வது ஆம்பளைத்தனம் என்று வளர்க்கப்பட்ட தலைமுறை நாங்கள். அந்தப் பொறுமைக்கு விலையாக ஒரு குழந்தை போயிருக்கும். ஒரு முழம் தள்ளி நின்றது, அவ்வளவுதான்.

ஆகவே நாளைக் காலை வண்டி எடுக்கும்போது உங்கள் விரல் முட்டியை ஒரு முறை பாருங்கள். வெளுத்திருக்கிறதா? மெல்லப் பிடியுங்கள். வண்டி ஓடிப் போகாது. வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் பையனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அவன் லிவரையும் ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு எந்த விரல் மரக்கிறது, என்ன செய்து குறைந்தது என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். வழிமுறையோடு எழுதுங்கள், அப்போதுதான் முழு மார்க்.