ஈற்றடி கொடுங்கள்

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் வீட்டுக்கு வீடு குறள்கள் அறுபடுகின்றன. சீர் பிரித்து, அசை பிரித்து, தேமா, புளிமா என்று வாய்பாடு எழுதி, மதிப்பெண்ணை வாங்கியதும் பிள்ளைகள் யாப்பிலக்கணத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுகிறார்கள். அவர்கள்மேல் குறையில்லை. வெண்பாவைப் பிரிக்கத்தான் சொல்லிக்கொடுக்கிறோம், எழுதச் சொல்லிக்கொடுப்பதில்லை. ‘பேருந்து வந்ததா பார்’ என்று தெருமுனையில் ஒரு தாய் மகளிடம் சொல்வது குறள் வெண்பாவின் ஈற்றடிக்கு இம்மியும் பிசகாமல் பொருந்தும். பேருந்து தேமாங்காய், வந்ததா கூவிளம். காய்க்குப் பின்னும் விளத்துக்குப் பின்னும் நேரசை வரவேண்டும் என்பது விதி, இரண்டு இடத்திலும் வந்திருக்கிறது. முடிவில் ‘பார்’, நாள் என்னும் வாய்பாடு. இதைக் காட்டினால் போதும், மேலே வரவேண்டிய நான்கு சீரை அந்தப் பெண்ணே தேடத் தொடங்கிவிடுவாள். வெண்பா கறாரானதுதான்; வேற்றுத் தளை ஒன்று நுழைந்தாலும் ஏற்காது. அந்தக் கறாருக்குள் நின்றுதான் வள்ளுவர் 1330 குறளையும், புகழேந்தி நளன் கதை முழுவதையும் பாடினார்கள். புதுக்கவிதை எழுதுகிறவர்களுக்கும் இந்தப் பயிற்சி வேண்டும் என்பேன்; ஓசையை அறிந்து விடுவது வேறு, அறியாமல் விடுவது வேறு. வினாத்தாளில் ஒரே ஒரு கேள்வியை மாற்றிப் பார்க்கலாம்: ஈற்றடியைக் கொடுத்து, முதலடியை எழுதச் சொல்லுங்கள்.