துப்பாக்கி இல்லாத வேட்டை

காற்றின் திசை பார்த்து, கடமானை நாளெல்லாம் மலையில் பின்தொடரும் கனவு எனக்கும் உண்டு. கல்வராயன் மலையில் கரியாலூருக்கு மேலே ஒருமுறை ஈர மண்ணில் குளம்புத் தடம் பார்த்தேன். பிளவுக்குள் நீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. நெஞ்சு படபடத்தது. வேட்டையின் சுகமே அந்தக் கணம்தான்.

கல்வராயனில் நடக்கும் திருட்டு வேட்டையில் அந்தச் சுகம் எங்கே? நாட்டுத்துப்பாக்கி, நெற்றி விளக்கு, பன்றியின் வாயைச் சிதறடிக்கும் அவுட்டுக்காய் வெடி. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் இது ஓயவில்லை. கொடுமை.

துப்பாக்கி இல்லாமலும் விலங்கைத் தேடிப் போகலாம். வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் சுட்டுத் தள்ளிய வரையாட்டை இன்று தமிழ்நாடும் கேரளமும் மலை மலையாக நடந்து எண்ணுகின்றன. 2024-இல் தமிழ்நாட்டில் மட்டும் 1,031. கடினமான மலைப் பயணம்தான் அதுவும்.

கல்வராயனிலும் அப்படிச் செய்யலாம். இங்குள்ள நம் மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களுக்குத் தடம் பார்க்கத் தெரியும். வனத்துறை அவர்களை மாதச் சம்பளத்தில் அமர்த்தி, இளைஞர்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்கச் சொல்லட்டும். கற்க முதல் ஆளாக நான் வருகிறேன்.