மருந்து எங்கே போகிறது?

கூண்டில் வளரும் சால்மனுக்கு நோய் வந்தால் மருந்தைத் தீவனத்தில் கலந்து தூவுகிறார்கள். நோய் முற்றிய மீன் இரை எடுப்பதில்லை. மருந்தைத் தின்பது பெரும்பாலும் இன்னும் தெம்பாக நீந்தும் மீன்தான். தின்றதும் முழுதாக உடலில் சேர்வதில்லை. ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கடல்நீரின் கால்சியம், மக்னீசியத்தோடு பிணைந்துகொள்கிறது. மீனின் குடல் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட உறிஞ்சுவதில்லை. மிச்சம் கழிவோடு கடலடிச் சேற்றில் படிந்து, அங்குள்ள பாக்டீரியாக்களை மருந்துக்கு அடங்காதவையாகப் பழக்குகிறது. சிலி நாட்டுப் பண்ணைகள் அதிகம் நம்பும் ஃப்ளோர்ஃபெனிகால் என்ற மருந்து நன்றாகவே உறிஞ்சப்படுகிறது. ஆனால் டன் கணக்கில் கொடுக்கும்போது அதுவும் கடைசியில் கடலுக்குத்தானே வந்து சேரும்?

உடலில் சேர்ந்த மருந்து எப்போது வெளியேறும் என்பது நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. நீர் குளிர்ந்தால் மீனின் ஈரலும் சிறுநீரகமும் மந்தமாகிவிடும். அதனால்தான் அறுவடைக்கு முன் காத்திருக்கும் காலத்தை வெறும் நாட்களில் சொல்லாமல், வெப்பத்தையும் சேர்த்து டிகிரி-நாளில் கணக்கிடுகிறார்கள். 500 டிகிரி-நாள் என்றால் 10 டிகிரி நீரில் 50 நாள், 20 டிகிரியில் 25 நாள். நேர்மையான கணக்கு இது. ஆனால் தட்டுக்கு வரும் மீனைத்தான் இது காக்கிறது, கடலை அல்ல.

நார்வே 1987இல் சுமார் 50 டன் ஆன்டிபயாடிக் கொட்டியது. தடுப்பூசி வந்தபின், உற்பத்தி பல மடங்கு பெருகியும், இன்று ஒரு டன்னுக்கும் குறைவு. சிலியின் சால்மனைத் தாக்கும் முக்கியமான பாக்டீரியா மீனின் செல்லுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதால் அங்கே தடுப்பூசி அவ்வளவாகப் பலிக்கவில்லை. அப்படியானால் கூண்டில் மீன்களின் நெருக்கத்தைக் குறையுங்கள். மேலான தடுப்பூசிக்குப் பணம் போடுங்கள்.