அங்கொடை என்னும் வசவு

"உன்னை அங்கொடைக்குத்தான் அனுப்பவேண்டும்." மலையகத்தில் பிள்ளைகளை ஏசுவதற்கு இதைவிடப் பழகிய வாசகம் குறைவு. நானும் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். கொழும்புக்கு அருகிலுள்ள அந்த மருத்துவமனை 'தேசிய மனநல நிறுவகம்' என்று பெயர் மாறிவிட்டது, வசவு மாறவில்லை.

ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டம். மூன்று மாதமாகப் பேச்சற்றுக் கிடந்த 15 வயது மகளை மாடசாமி கோயிலுக்கு மூன்று முறை அழைத்துச் சென்றிருந்தார்கள். மருத்துவமனைக்கு ஒருமுறையும் இல்லை. "அங்க படுக்க வச்சா நாளைக்கு இவள யாரு ஐயா கட்டுவா?" என்றார் தாய்.

மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது நமக்கு எளிது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னவற்றுக்கு என்னிடம் பதிலில்லை. பிள்ளைக்குத் துணையாகத் தங்கினால் அத்தனை நாளும் செக்ரோலில் பெயர் விழாது. டாக்டர் சிங்களத்தில் கேட்டால் பிள்ளை எந்த மொழியில் அழுவது? காய்ச்சலை இரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். மனநோய்க்கோ நோயாளியின் பேச்சேதான் பரிசோதனை.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் 150 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. ஆகவே கட்டடம் எழுப்புவது முடியாத காரியமன்று. பெரியவர்களோடு கலக்காமல் வளரிளம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிறு விடுதி, தமிழ் பேசும் தாதியர், அதுவும் மலையகத்திலேயே: இத்தனை ஆண்டுகள் தேர்தல் செய்தி சேகரித்ததில், எந்த மேடையிலும் இப்படியொரு கோரிக்கையை நான் குறித்துக்கொண்டதில்லை.

நிறுவகத்தின் உதவித் தொலைபேசி இலக்கமான 1926ஐ எழுதிக் கொடுத்தேன். வீட்டின் ஒரே கைபேசி, கொழும்பில் கடையில் வேலை செய்யும் மகனிடம் இருப்பதாகச் சொன்னார்.